இழைக் கொள்கைக்கு வானம் வைத்த பரீட்சை

மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது என்னும் இரண்டு வினாக்களும் மனிதன் சிந்திக்கத் தொடங்கிய நாள் முதலாக அவனைத் தொடர்ந்து வந்துள்ளன. பெரியதை நாடியவன் வானை நோக்கினான். சிறியதை நாடியவன் அணுவைப் பிளந்தான். நெடுங்காலம் இவ்விரு பாதைகளும் எதிரெதிர்த் திசைகளிற் செல்வனவாகவே தோன்றின. ஆயின் அண்மைக் காலத்தில் அவை ஓரிடத்திற் சந்திக்கலாயின. பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளக்கும் வானியலறிஞரும், அணுவினும் கோடானுகோடி மடங்கு நுண்ணிய இழைகளைப் பற்றிக் கணக்கிடும் கணித வல்லுநரும் இன்று ஒரே அளவீடுகளை நடுவே வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர்.

உயர்தர வகுப்பு மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. “எவராலும் காணமுடியாத ஒன்றைப் பற்றிய கொள்கை சரியோ பிழையோ என்று எப்படி அறிவது?” என்பதே அது. மிக நியாயமான வினா. பரீட்சை எழுதாத மாணவனுக்குத் தேர்ச்சிப் பத்திரம் வழங்குதல் இயலாது. அவ்வாறே, அவதானத்தினால் மெய்யென்றோ பொய்யென்றோ காட்ட இயலாத கொள்கைக்கு விஞ்ஞானம் என்னும் பெயரை வழங்குதலும் இயலாது. இழைக் கொள்கை என நாம் ஈண்டுக் குறிப்பிடும் ‘ஸ்ட்ரிங் தியரி’ ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இக்குற்றச்சாட்டுக்கு முகங்கொடுத்து வருகின்றது. அதனைப் பரீட்சை மண்டபத்துக்கு அழைத்துச் செல்ல விரியும் பிரபஞ்சம் எவ்வாறு துணைசெய்கின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விரியும் பிரபஞ்சம்

பிரபஞ்சம் விரிகின்றது என்பது ஒருவரின் ஒருநாட் கண்டுபிடிப்பன்று. 1912ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்திலே பணிபுரிந்த ஹென்றியெற்றா லெவிற் என்னும் அம்மையார், ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் ஒருவகை நட்சத்திரங்களின் துடிப்புக் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்புண்டு எனக் காட்டினார். எட்டாத தூரங்களை அளப்பதற்கு அஃது ஓர் அளவுகோலாயிற்று. அதே ஆண்டில் அரிசோனாவின் லோவெல் வானாய்வு நிலையத்தில் வெஸ்டோ ஸ்லைபர் நட்சத்திர மண்டலங்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராயத் தொடங்கினார். அவர் தொடர்ந்து ஆராய்ந்தவற்றுட் பெரும்பாலானவற்றின் ஒளி சிவப்பு நிறத்தின் பக்கமாகப் பெயர்ந்திருத்தலைக் கண்டார். விலகிச் செல்லும் புகைவண்டியின் ஊதலோசை தாழ்ந்து கேட்பது போல, விலகிச் செல்லும் மண்டலத்தின் ஒளி செம்மையுறும்.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையினின்றே விரியும் பிரபஞ்சத்தைக் கணிதமுறையிற் பெறலாம் என்பதை 1922இல் ருஷ்ய அறிஞர் பிரீட்மனும், 1927இல் பெல்ஜிய நாட்டுப் பாதிரியாராகிய லெமெத்தரும் காட்டினர். 1929இல் எட்வின் ஹபிள், மண்டலம் எவ்வளவு தொலைவிலுள்ளதோ அவ்வளவு விரைவாக அது விலகுகின்றது என்பதை அளவீடுகளால் நிறுவினார். ஓர் இறப்பர் நாடாவிலே சம இடைவெளியிற் புள்ளிகளை இட்டு அதனை இழுத்துப் பாருங்கள். அருகிலுள்ள புள்ளி சிறிது விலகும். தொலைவிலுள்ளது பெரிதும் விலகும். எப்புள்ளியில் நின்று நோக்கினும் காட்சி ஒன்றே. எனவே, விரிவுக்கு மையம் என்று ஓரிடத்தைச் சுட்டுதற்கில்லை. விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஏறக்குறைய 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் யாவும் செறிந்தும் கொதித்தும் இருந்த நிலையை அடைகின்றோம்.

எறிந்த கல் ஏன் விழவில்லை?

மேலே எறிந்த கல் புவியீர்ப்பினால் வேகங்குன்றும். அதுபோலவே, பிரபஞ்சத்திலுள்ள பொருள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதனால் அதன் விரிவும் காலஞ்செல்லச் செல்லத் தளரவேண்டும் என அறிஞர் எண்ணினர். எவ்வளவு தளர்கின்றது என்பதை அளப்பதற்கே இரண்டு குழுவினர் முற்பட்டனர். ஒன்றுக்குத் தலைவர் சோல் பேர்ள்மற்றர். மற்றையதில் பிறையன் ஷ்மிற், அடம் ரீஸ் ஆகியோர் முதன்மையாயினர்.

அவர்கள் பயன்படுத்திய விளக்குகள், வெண்குள்ளன் எனப்படும் முதிய நட்சத்திரங்களின் வெடிப்புகளாம். இத்தகைய நட்சத்திரம் தாங்கக்கூடிய திணிவுக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனின் திணிவைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இவ்வெல்லையைக் கணித்தவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர், அக்கடற்பயணத்திலேயே இக்கணக்கைத் தொடங்கினார் என்பது வரலாறு. இவ்வெடிப்புகளின் உச்சப் பிரகாசம் பெரும்பாலும் ஒத்திருப்பதால், அவை எவ்வளவு மங்கித் தோன்றுகின்றன என்பதைக்கொண்டு தொலைவைக் கணிக்கலாம்.

1998இல் இரு குழுவினரும் கண்டது எவரும் எதிர்பாராதது. விரிவு தளரவில்லை, மாறாக விரைவுற்று வருகின்றது. எறிந்த கல் விழாமல் மேன்மேலும் வேகங்கொண்டு ஏகினாற் போன்ற செய்தி இது. அம்மூவருக்கும் 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. விரிவைத் தூண்டும் காரணிக்கு ‘இருண்ட சக்தி’ என்று பெயரிட்டனர். பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் அதுவே ஆகும். நாமும், இம்மண்ணும், விண்மீன்களும் ஆக்கப்பட்ட சாதாரணப் பொருள் நூற்றுக்கு ஐந்து பங்கு மாத்திரமே.

இருண்ட சக்தி என்பது யாது? வெற்றிடத்துக்கே உரிய மாறாத சக்தி என்பது எளிய விடை. ஐன்ஸ்டைன் 1917இல் தம் சமன்பாட்டிலே சேர்த்த ‘அண்ட மாறிலி’ இதற்குப் பொருந்தும். ஆயின் ஒரு தொல்லை உண்டு. அணுவுலகை ஆளும் சக்திச் சொட்டுக் கொள்கையைக்கொண்டு வெற்றிடத்தின் சக்தியை நேராகக் கணக்கிட்டால், கிடைக்கும் தொகை அவதானித்த தொகையிலும் மிகப் பெரிதாகின்றது. எத்துணை பெரிதெனின், ஒன்று என்னும் எண்ணின் பின்னே ஏறக்குறைய 120 பூச்சியங்களை இட்டால் எத்துணையோ அத்துணை மடங்கு. சார்புக் கொள்கையையும் சக்திச் சொட்டுக் கொள்கையையும் ஒன்றிணைக்கவல்ல புதிய கொள்கை வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

இழைக் கொள்கை கூறுவது

அப்படி இணைக்க முயலும் கொள்கைகளுள் முதன்மையானது இழைக் கொள்கை. 1968இல் இத்தாலிய அறிஞர் வெனற்சியானோ, அணுக்கருத் துகள்களின் மோதலை விளக்க ஒரு சூத்திரத்தை எழுதினார். துகள்கள் புள்ளிகளல்ல, அதிரும் நுண்ணிய இழைகள் எனக் கொண்டால் அச்சூத்திரம் தானே பிறக்கும் என்பதைப் பின்னர் வேறு சிலர் கண்டனர். 1974இல் ஷேர்க், ஷ்வார்ஸ் ஆகிய இருவரும், ஜப்பானிலே யொனேயா என்பவரும், இழையின் அதிர்வுகளுள் ஒன்று ஈர்ப்பு விசைக்குரிய துகளின் இயல்பை உடையதென உணர்ந்தனர். 1984இல் கிறீனும் ஷ்வார்ஸும் கொள்கையின் உள்முரண்பாடு ஒன்றை நீக்கிய பின்னர் உலகெங்கும் ஆராய்ச்சி பெருகிற்று.

வீணையின் ஒரு தந்தியிலே வெவ்வேறு அதிர்வுகள் வெவ்வேறு சுரங்களாகக் கேட்கின்றன. அவ்வாறே ஒரே வகை இழையின் வெவ்வேறு அதிர்வுகளே இலத்திரனாகவும், ஒளித்துகளாகவும், ஈர்ப்புத் துகளாகவும் தோன்றுகின்றன என்கிறது இக்கொள்கை. இதன்பொருட்டு வெளிக்கு ஒன்பது பரிமாணங்களும் காலத்துக்கு ஒன்றும் வேண்டும். நாம் காண்பவை மூன்றே. எஞ்சிய ஆறும் மிகச் சிறிதாகச் சுருண்டு கிடக்கின்றன என்பர். தூரத்தில் நின்று நோக்குவோருக்குத் துலாக்கயிறு ஒரு கோடாகவே தோன்றும். அதன்மேல் ஊரும் எறும்புக்கோ நெடுக்கே செல்வதோடு சுற்றியும் செல்ல வழியுண்டு. சுருண்ட பரிமாணங்களின் நிலையும் அத்தகையதே.

இழையின் அளவு யாது? பலரும் கருதும் அளவைக் கூறுவோம். ஓர் அணுவை, நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதன் அளவுக்கு உருப்பெருக்கினாலும், இழை ஒரு பெரிய கோபுரத்தின் உயரத்தை ஒட்டியதாகவே இருக்கும். ஜெனீவா நகருக்கருகே 27 கிலோமீற்றர் சுற்றளவுடைய துகள்மோது பொறி நிலத்தடியில் இயங்குகின்றது. அதனாலும் இழையின் அளவை அணுகுதல் இயலாது. மனிதன் அமைக்கக்கூடிய எப்பொறியும் போதாதெனின், இயற்கையே அமைத்த பொறி ஒன்றை நாடுவதே வழி. பிறந்த கணத்திலே பிரபஞ்சம் அத்தகைய பெருஞ்சக்தியுடன் விளங்கியது. அக்கணத்தின் சுவடுகள் இன்றும் வானில் உள்ளன. ஆகவேதான் இழைக் கொள்கையினர் தொலைகாட்டியை நோக்கித் திரும்பினர். அவர்கள் எழுதிய பரீட்சைகளுள் மூன்றை நோக்குவோம்.

முதற் பரீட்சை: வானத்து இழை

நுண்ணிய இழைகளுள் ஒருசில, பிரபஞ்சத்தின் விரிவோடு தாமும் நீட்டப்பட்டு வானத்தின் குறுக்கே கிடத்தல் கூடுமோ? இத்தகைய இழைகள் நிலைத்திரா என 1985இல் எட்வேட் விற்றன் கருதினார். பின்னர் கொள்கை வளர்ந்தது. 2003இல் கோப்லண்ட், மையர்ஸ், பொல்சின்ஸ்கி ஆகியோர், சில சூழ்நிலைகளில் அவை நிலைத்திருக்கலாம் எனக் காட்டினர். அத்தகைய இழை ஒன்று நமக்கும் தொலைவிலுள்ள மண்டலத்துக்கும் இடையே கிடந்தால், ஒளி அதன் இருபக்கமாகவும் வளைந்து வரும். ஒரே மண்டலம் பக்கத்திற் பக்கமாக, சிதைவின்றி, இரட்டைப் படமாகத் தோன்றும். வேறெந்தப் பொருளும் அத்தகைய படத்தைத் தருவது அரிது.

அதே 2003ஆம் ஆண்டில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கபோடிமொன்ரே வானாய்வு நிலையத்தையும் ருஷ்யாவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர், அச்சொட்டாக ஒத்த இரண்டு மண்டலங்களை அருகருகே கண்டனர். தூரம் ஒன்று, நிறமாலையும் ஒன்று. வானத்து இழை அகப்பட்டுவிட்டதோ என்னும் பரபரப்பு எழுந்தது. 2006இல் ஹபிள் விண்தொலைகாட்டி எடுத்த தெளிந்த படங்கள் விடையைக் கூறின. அவை ஒன்றின் இரட்டைப் படங்களல்ல. உண்மையாகவே அருகருகே அமைந்த இரு வேறு மண்டலங்கள். எதிர்பார்ப்பு அத்துடன் முடிந்தது. இழையைத் தேடும் முயற்சி முடியவில்லை. 2023ஆம் ஆண்டில், வட அமெரிக்க ஆராய்ச்சிக் குழு ஒன்று 67 துடிவிண்மீன்களின் துடிப்பைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்து, ஈர்ப்பலைகளின் மெல்லிய முழக்கம் வானெங்கும் பரந்துள்ளது என்பதற்குச் சான்று வெளியிட்டது. இராட்சதக் கருந்துளைகள் இரண்டிரண்டாகச் சுற்றுவதே அதற்குக் காரணம் எனப் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வானத்து இழைகளும் காரணமாகலாம் என ஆராய்வோரும் உளர்.

இரண்டாம் பரீட்சை: ஆதி அலைகள்

பிரபஞ்சம் தோன்றிய கணப்பொழுதின் சிறு பின்னத்திலே அது மிகப் பெருவேகத்துடன் வீங்கியது என்பது பலராலும் ஏற்கப்பட்ட ‘பெருவீக்க’க் கருத்து. அவ்வீக்கம் ஈர்ப்பலைகளை எழுப்பியிருத்தல் வேண்டும். பிரபஞ்சம் 3 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டு வயதாயிருந்தபோது புறப்பட்ட பழைய ஒளி இன்றும் நுண்ணலைகளாக எல்லாத் திசைகளினின்றும் வந்துகொண்டிருக்கின்றது. பென்சியாசும் வில்சனும் கண்டறிந்து 1965இல் அறிவித்தது இவ்வொளியையே. ஆதி ஈர்ப்பலைகள் இருந்திருப்பின், அவ்வொளியின் அதிர்வுத் திசையில் ஒரு சுழற்கோலத்தை விட்டுச் சென்றிருக்கும்.

2008இல் ஈவா சில்வர்ஸ்டைன் அம்மையாரும் அலெக்சாண்டர் வெஸ்ட்பாலும் இழைக் கொள்கையினின்று ஒரு பெருவீக்க மாதிரியை ஆக்கினர். அதன் சிறப்பு யாதெனின், அது திட்டமான எண்ணைத் தந்ததே. அவர்கள் வழியில் வளர்ந்த எளிய மாதிரி ஒன்று, பொருட்செறிவின் அலைகளோடு ஒப்பிடுகையில் ஈர்ப்பலைகளின் வலிமை நூற்றுக்கு ஏழு அளவினதாகும் என்றது. எண்ணைக் கூறிவிட்டவன் இனித் தப்பமுடியாது!

தென் துருவத்தின் பனிப்பரப்பிலே நிறுவிய தொலைகாட்டி ஒன்றைக்கொண்டு ஆய்ந்தோர், 2014 மார்ச்சு மாதம் சுழற்கோலத்தைக் கண்டதாக அறிவித்தனர். உலகப் பத்திரிகைகள் அதனைக் கொண்டாடின. ஆயின் மறு ஆண்டே, பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளோடு சேர்த்து நோக்கியபோது, அக்கோலத்தின் பெரும்பகுதி நமது பால்வீதியிலுள்ள தூசியின் விளைவு எனத் தெரிந்தது. அதே தென் துருவ ஆராய்ச்சி தளராது தொடர்ந்தது. 2021இல் வெளிவந்த முடிவின்படி, ஈர்ப்பலைகளின் வலிமை நூற்றுக்கு 3.6 அளவினும் குறைவு. ஆகவே நூற்றுக்கு ஏழு என்ற மாதிரி தேறவில்லை. இழைக் கொள்கையினின்றே பிறந்த வேறு மாதிரிகள் மிகச் சிறிய அலைகளையே எதிர்பார்ப்பதால், அவை இன்னும் நிற்கின்றன. மாதிரி ஒன்று தவறினும் கொள்கை தவறிற்றென்பது பொருந்தாது. ஆயினும் வானம் ‘இல்லை’ என்று சொல்லவல்லது என்பது தெளிவாயிற்று.

மூன்றாம் பரீட்சை: மாறுமோ இருண்ட சக்தி?

நிற்க. இனி இவற்றுள் மிக முக்கியமானதற்கு வருவோம்.

சுருண்ட பரிமாணங்களை மடிக்கும் வழிகள் அளவிறந்தன. ஒவ்வொரு மடிப்பும் வெவ்வேறு இயற்கை விதிகளையும், வெற்றிடச் சக்தியின் வெவ்வேறு அளவையும் தரும். ஒன்றின் பின்னே 500 பூச்சியங்களை இட்டாற் பெறும் எண்ணிக்கையான உலகங்கள் இக்கொள்கையில் இடம்பெறலாம் என ஒரு மதிப்பீடு எழுந்தது. 2003இல் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கச்ரு, கலொஷ், லிண்டே ஆகியோரும், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த திரிவேதியும் ஒன்றுசேர்ந்து, நமது பிரபஞ்சத்தைப் போல மாறாத இருண்ட சக்தி கொண்ட உலகை எவ்வாறு ஆக்கலாம் எனக் காட்டினர். சிலர் மகிழ்ந்தனர், சிலர் கவலையுற்றனர். அளவிறந்த உலகங்களுள் எதுவும் இருக்கலாமெனின், எந்த அவதானமும் கொள்கையைப் பொய்யாக்காது. எவ்வினாவுக்கும் பொருந்தும் விடை எவ்வினாவுக்கும் விடையன்று.

ஹாவார்ட் சர்வகலாசாலைப் பேராசிரியர் கம்ரன் வாஃபா மறுபக்கத்தினின்று சிந்தித்தார். இழைக் கொள்கை எவற்றை அனுமதிக்கும் என்று கேளாமல், எவற்றை அனுமதியாது என்று கேட்டார். குறையற்றனவாகத் தோன்றியும் ஈர்ப்பு விசையோடு ஒருபோதும் இணையாத கொள்கைகள் பல உண்டு. அவற்றுக்கு 2005இல் அவர் ‘சதுப்பு நிலம்’ என்று பெயரிட்டார். பசுந்தரையாகக் காட்சி தந்து, காலை வைத்தவுடன் அமிழ்த்தும் நிலம் அது.

2018ஆம் ஆண்டில் வாஃபாவும், ஒபைட், ஊகுரி, ஸ்பொடினெய்கோ ஆகியோரும் ஒரு துணிந்த கருதுகோளை வெளியிட்டனர். அதனை ஓர் உவமையால் விளக்குவோம். வெற்றிடத்தின் சக்தியை நிலத்தின் உயரமாகக் கருதுக. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கிலே பந்து ஒன்று கிடந்தால் அஃது அசையாது. இருண்ட சக்தி என்றும் மாறாதிருத்தல் இதனை ஒக்கும். கடல்மட்டத்துக்கு மேலே அத்தகைய பள்ளத்தாக்கே கிடையாது, எங்கும் சரிவுதான், சரிவின் செங்குத்துக்கும் ஒரு குறைந்த எல்லை உண்டு என்பதே அவர்களது கருதுகோள். இது மெய்யாயின், பந்து உருண்டேயாக வேண்டும். இருண்ட சக்தி காலத்தோடு மாறியேயாக வேண்டும்.

இதன் பெறுமதியை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கருதுகோள் உண்மையோ அன்றோ என்பது வேறு. காணமுடியாத இழைகளைப் பற்றிய கணிதம், காணக்கூடிய வானத்தைப் பற்றி “இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லத் துணிந்தது. இருண்ட சக்தி மாறாததென நிறுவப்பட்டால் கருதுகோள் வீழும். கழுத்தை நீட்டிய பின்னரே கொள்கைக்கு விஞ்ஞான மதிப்புண்டு.

அவ்வாண்டிலேயே வாஃபா, ஸ்டைன்ஹார்ட் முதலியோர் அன்றிருந்த அளவீடுகளோடு இதனை ஒப்பிட்டனர். கருதுகோளின்படி சரிவைக் குறிக்கும் எண் ஒன்றை அண்டியதாதல் வேண்டும். அவதானங்களோ அது ஏறக்குறைய 0.6க்கு மேற்படாது என்றன. தேறிற்று என்பதற்கும் இல்லை, தவறிற்று என்பதற்கும் இல்லை. வேறு அறிஞர்கள் கருதுகோளின் முதல் வடிவத்திலே குறைகளைச் சுட்டவே, அவ்வாண்டு முடிவதற்குள் அது சற்றுத் தளர்த்தி எழுதப்பட்டது. 2003ஆம் ஆண்டின் பள்ளத்தாக்கைக் காட்டியோர் தமது கணக்கு செல்லுபடியாகும் என்றே வாதிடுகின்றனர். இழைக் கொள்கையினருக்குள்ளேயே வழக்கு நடக்கின்றது.

கிற் பீக் மலையின் தீர்ப்பு

இவ்வழக்கிலே சாட்சி சொல்ல வந்திருப்பது அரிசோனாவின் கிற் பீக் மலையிலுள்ள நான்கு மீற்றர்த் தொலைகாட்டி. அதிலே பொருத்திய ‘டெசி’ என்னும் கருவியில் 5000 கண்ணாடி நார்கள் உள்ளன. சிறு இயந்திரக் கரங்கள் ஒவ்வொரு நாரையும் ஒவ்வொரு மண்டலத்தை நோக்கித் திருப்ப, ஒரே வேளையில் 5000 மண்டலங்களின் ஒளி நிறமாலையாகப் பதிவாகின்றது. 2021இல் இதன் முறையான ஆய்வு தொடங்கிற்று.

இக்கருவி பயன்படுத்தும் அளவுகோல் மிக விந்தையானது. இளம் பிரபஞ்சத்தின் கொதிக்கும் வாயுவிலே ஒலியலைகள் பரவின. வாயு குளிர்ந்தபோது அவை உறைந்து நின்றன. அவற்றின் சுவடாக, இன்று மண்டலங்களிடையே ஏறக்குறைய 50 கோடி ஒளியாண்டு இடைவெளி மற்றை இடைவெளிகளிலும் சற்றே மிகுதியாகக் காணப்படுகின்றது. வெவ்வேறு காலங்களில் இவ்வளவுகோல் எவ்வளவு நீண்டிருந்தது என்பதை அறிந்தால், விரிவின் வரலாறு முழுவதையும் எழுதலாம்.

முதலாண்டின் முடிவுகள் 2024 ஏப்பிரலில் வெளிவந்தன. மூன்று ஆண்டுகளின் முடிவுகள், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் குவேசார்களையும் அடிப்படையாகக்கொண்டு, 2025 மார்ச்சு மாதம் வெளிவந்தன. அவற்றை ஆதி ஒளியின் அளவீடுகளோடும் நட்சத்திர வெடிப்புகளோடும் சேர்த்து நோக்கின், இருண்ட சக்தி மாறாததாயன்றி, அண்மைக் காலத்தில் வலுக்குன்றி வருவதாகத் தோன்றுகின்றது!

தீர்ப்புக் கிடைத்துவிட்டதோ? அவசரப்படலாகாது. எந்த வெடிப்புப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதற்கேற்ப, இம்முடிவின் உறுதி 2.8 முதல் 4.2 வரையான நியம விலகல்களாக மாறுபடுகின்றது. கண்டுபிடிப்பு என்று பௌதிகவியலார் ஒப்புவதற்கு ஐந்து நியம விலகல்கள் வேண்டும். தென் துருவத்துத் தூசி கற்பித்த பாடத்தை எவரும் மறக்கவில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. அளவீடுகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் வளைகோட்டின்படி, பண்டைக் காலத்தில் இருண்ட சக்தியின் செறிவு பிரபஞ்சம் விரிய விரியக் கூடிப் பின்னரே குறைந்திருக்கின்றது. சரிவில் உருளும் பந்து தானாக மேலேறுமோ? ஏறாது. ஆகவே வானம் காட்டும் குறிப்பு, ‘மாறும்’ என்ற மட்டில் சதுப்பு நிலக் கருதுகோளுக்குச் சாதகமாகவும், ‘எவ்வாறு மாறும்’ என்ற மட்டில் அதன் எளிய வடிவத்துக்குப் பாதகமாகவும் உள்ளது. இக்குறிப்பு மெய்யாயின், பள்ளத்தாக்கினரும் சரிவினரும் தத்தம் கணக்குகளை மீண்டும் திருத்தியாக வேண்டும்.

மேசைமேல் ஒரு சோதனை

வானின் அளவீடு நம்மை மீண்டும் ஆய்வுகூட மேசைக்கே அழைத்து வருவதும் ஒரு விந்தை. இருண்ட சக்தி இவ்வளவு சிறிதாயிருத்தலைக்கொண்டு, 2022இல் மொன்ரேரோ, வாஃபா, வலென்சுவேலா ஆகிய மூவர் ஓர் ஊகத்தை வெளியிட்டனர். சுருண்ட பரிமாணங்களுள் ஒன்று, மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவை ஒட்டியதாகலாம் என்பதே அது. அவ்வாறாயின், அத்துணைச் சிறு தூரத்திலே நியூற்றனின் ஈர்ப்பு விதி பிறழ வேண்டும். வாஷிங்டன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் முறுக்குத் தராசு என்னும் நுண்கருவியினால், மில்லிமீற்றரின் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு தூரம் வரை அவ்விதி பிறழவில்லை என 2020இலேயே காட்டியிருந்தனர். இன்னும் ஐம்பது மடங்கு நெருங்கினால் மூவரின் ஊகமும் பரீட்சைக்கு வந்துவிடும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இழைக் கொள்கை மெய்யென நிறுவப்பட்டதோ? இல்லை. பொய்யென ஒதுக்கப்பட்டதோ? அதுவும் இல்லை. ஆயின் அதனைச் சோதிக்கவே முடியாது என்று கூறுவதும் இனிப் பொருந்தாது. அதன் ஒரு மாதிரி தென் துருவப் பனியிலே தவறிற்று. அதற்குச் சான்றாகுமென நம்பிய இரட்டைப் படம் ஹபிளின் கண்ணுக்கு முன் கலைந்தது. அதன் கருதுகோள் ஒன்று கிற் பீக் மலையின் முன்னே விடைத்தாளை நீட்டிக் காத்திருக்கின்றது. 2023இல் ஏவப்பட்ட யூக்கிளிட் விண்தொலைகாட்டியும், 2025இல் முதற்படங்களை வெளியிட்ட சில்லி நாட்டின் ரூபின் வானாய்வு நிலையமும் அத்தாளைத் திருத்துவதற்குத் துணைநிற்கும்.

நமது வகுப்புகளிலே கொள்கைகளை முடிந்த முடிபுகளாக மனனஞ்செய்யும் வழக்கம் மிகுந்துள்ளது. வளரும் விஞ்ஞானத்தின் முகம் அதுவன்று. தாம் இருபதாண்டு பாடுபட்டு வளர்த்த கருத்தை ஒரு தொலைகாட்டியின் அளவீடு தகர்க்கலாம் என்று தெரிந்தும், அவ்வளவீட்டை ஆவலோடு எதிர்நோக்குவதே அதன் முகம். கப்பலிற் சென்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒருவரின் கணக்கு, நட்சத்திரங்களின் முடிவை நாம் விளங்கிக்கொள்ளும் முறையையே மாற்றிற்று. இருண்ட சக்தியின் வழக்கு முடிவுறுவதற்கு முன் இன்றைய உயர்தர வகுப்பு மாணவர் பலர் பட்டதாரிகளாகிவிடுவர். கணிதத்தையும் பௌதிகத்தையும் கருத்தூன்றிக் கற்போருக்கு அவ்வழக்கிலே சாட்சியாக மாத்திரமன்றி, நடுவராக அமரவும் இடமுண்டு.